பந்தடித் திடலும் பாட்டன் பத்திரமும்

நம் நாட்டுக் காற்பந்துக் குழு தோற்ற இரவுக்கு மறுநாட் காலையில் கோலா கங்சார்ப் பட்டணத்துத் தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து கேட்பவருக்கு, தோல்விக்குரிய காரணங்கள் யாவும் ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் கிடைத்துவிடும். நம்மவர் குட்டையர், ஆதலால் உயர வரும் பந்தைத் தலையால் முட்ட இயலாது என்பார் ஒருவர். சோறு தின்னும் உடம்பு தொண்ணூறு நிமிஷம் ஓடாது என்பார் மற்றொருவர். வெயில் நாடு சோம்பலைக் கொடுக்கும் என்பார் மூன்றாமவர். பயிற்றுநரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் நான்காமவர். அவர் இருபது ஆண்டுகளாக இதையே சொல்லிவருகிறார், பயிற்றுநர்களும் மாறிக்கொண்டே வருகின்றனர். எல்லாம் தலைவிதி என்று கூறிக் காசை வைத்துவிட்டு எழுந்து போகிறவரும் உண்டு.

இக்காரணங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. இவற்றுள் ஒன்றேனும் உண்மையாயிருப்பின் நம் குழு எக்காலத்தும் தோற்றிருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு தோற்கவில்லை என்று சரித்திரம் காட்டுகிறது. இதே உடம்பும், இதே சோறும், இதே வெயிலும் உடையவர்கள் ஒரு காலத்தில் ஜப்பானியரையும் கொரியரையும் வென்று திரும்பியிருக்கின்றனர். ஆகவே, அன்றிருந்து இன்று இல்லாமற் போனது யாது என்று கேட்பதே முறையாகும். தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நான் இக்கேள்வியில் தலையிடுவதற்கும் அதுவே நியாயம். கணக்கில் ஒரு தொகை குறைந்தால், அது எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில் குறைந்தது என்று ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு போவதே எங்கள் தொழில்.

இந்நாட்டுக்குக் காற்பந்தைக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயர். துரைமாரும் சிப்பாய்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆடியதைப் பார்த்து நம்மவர் ஆடக் கற்றனர். 1921-ம் ஆண்டில் 'மலாயா' என்னும் போர்க்கப்பலின் பெயரால் ஒரு கிண்ணம் பரிசளிக்கப்பட்டு, அதற்காக மாநிலங்கள் ஆண்டுதோறும் போட்டியிடத் தொடங்கின. அப்போட்டியே 1967 முதல் மலேசியக் கிண்ணப் போட்டி என்னும் பெயரோடு நடந்துவருகிறது. முதலாண்டில் சிங்கப்பூர் வென்றது. நம் பேராக் 1926-லும் 1931-லும் வென்றது. பின்னர் 1957, 1967, 1970, 1998, 2000, 2018 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. இவ்வெட்டு ஆண்டுகளையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் முதியவர்கள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் இன்னும் இருக்கின்றனர். மந்திரிமார் பெயரைக் கேட்டால் அவர்கள் சற்று யோசிப்பார்கள். 1957-ல் யார் யாரை வென்றார்கள் என்று கேட்டால் யோசிக்க மாட்டார்கள்.

சுதந்திரத்திற்கு முந்தின நாளான 1957 ஆகஸ்டு 30-ந் தேதி கோலாலம்பூரில் மெர்டேக்கா விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. காற்பந்தில் பெரும் பற்றுடைய துங்கு அப்துல் ரஹ்மான் அவ்வாண்டிலேயே மெர்டேக்காப் போட்டியை ஏற்படுத்தினார். அதற்கு மறு வருஷம் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவருமானார். 1958-லும் 1959-லும் மலாயாவே மெர்டேக்காப் போட்டியில் வென்றது. 1962-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கமும், தென் கொரியா வெள்ளியும், மலாயா வெண்கலமும் பெற்றன. அவ்வரிசையை இன்று எழுதிப் பார்க்கையில் நமக்கே சற்று வியப்பாக இருக்கிறது. முதலாவது நின்ற இந்தியாவும் மூன்றாவது நின்ற நாமும் இன்று எங்கே நிற்கிறோம், இடையில் நின்ற கொரியா எங்கே நிற்கிறது என்பதை வாசகர்களே அறிவார்கள்.

1971-ம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ம்யூனிக் ஒலிம்பிக்கிற்குரிய தகுதிப் போட்டி சியோல் நகரில் நடந்தது. ஜப்பான் அப்பொழுது சாமானியக் குழுவன்று; 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற நாடு. அந்த ஜப்பானை நம்மவர் 3-0 என்று வென்றனர். கொரியரை அவர்கள் சொந்த ஊரிலேயே 1-0 என்று வென்றனர். 1972-ல் ம்யூனிக் சென்றனர். அங்கே மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்று தோற்றனர். அமெரிக்காவை 3-0 என்று வென்றனர். மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றனர். ஆறு கோல் வாங்கியதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த ஜெர்மானியக் குழுவில் ஆடிய உலி ஹேனெஸ் இரண்டு ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தைக் கையிலேந்தியவர் என்பதை நினைத்தால், நம்மவர் யாரோடு ஆடித் தோற்றார்கள் என்பது விளங்கும். சோ சின் ஆன், வோங் சூன் வா, ஷஹாருடின் அப்துல்லா, எம். சந்திரன் என்று அக்குழுவின் பெயர்களைப் படித்தாலே இந்த நாடு கண்முன் வந்து நிற்கும்.

ஆங்கில மூலமாகப் படித்தவன் நான். பதினைந்து வயதில் மான்செஸ்டர் குழுவின் ஆட்டக்காரர் பதினொருவர் பெயரும் எனக்குத் தெரியும். ம்யூனிக் சென்ற நம்மவர் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. அவற்றை நான் தெரிந்துகொண்டது பால்மரம் வெட்டிய என் பாட்டனாரிடம். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

1974-ல் தெஹ்ரான் நகரில் மறுபடியும் ஆசிய விளையாட்டில் வெண்கலம் கிடைத்தது. 1978-ல் மொக்தார் டஹாரி மெர்டேக்கா அரங்கில் பாதித் திடலைக் கடந்து ஓடிவந்து இங்கிலாந்தின் இரண்டாம் குழுவுக்கு எதிராகப் போட்ட கோலைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அதன்பின் 1980 வந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான முடிவான ஆட்டத்தில் நம் குழு தென் கொரியாவை 2-1 என்று வென்றது. என் தகப்பனாருக்கு அப்பொழுது பதினெட்டு வயது. தோட்டத்துக் கடையில் வானொலிப் பெட்டியைப் பலகையின்மேல் வைத்து, ஐம்பது அறுபது பேர் தரையில் உட்கார்ந்து கேட்டார்களாம். சபாவிலிருந்து வந்த ஹசான் சானி பந்தைக் கொண்டுபோனதும், அவர் ஊர்க்காரரான ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலைப் போட்டதும், அதுவரை மலாய்மொழி வருணனையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தவர் சொல்வதை நிறுத்திவிட்டுக் கூவத் தொடங்கியதும் அவர் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். கோலைக் காத்து நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளை உடையவர். 'ஸ்பைடர்மேன்' என்று ஊரே அழைத்தது. 1988 டிசம்பரில் சாலை விபத்தொன்றில் முப்பத்தைந்து வயதில் அவர் இறந்தபோது, எங்கள் தோட்டத்தில் அன்று மாலை ஒருவரும் பந்து தொடவில்லை என்று கேள்வி.

மாஸ்கோவுக்கு அவர்கள் போகவில்லை. ருஷியா ஆப்கானிஸ்தானத்துள் படை செலுத்தியதைக் கண்டித்து அமெரிக்கா அழைத்த பகிஷ்காரத்தில் நம் சர்க்காரும் சேர்ந்துகொண்டது. நம் இடத்தில் ஈராக் சென்று ஆடிற்று. அந்தத் தீர்மானத்தின் ராஜதந்திர நியாயத்தை நான் ஈண்டு ஆராயப் புகவில்லை. ஆனால், தாம் விளைத்ததைத் தாம் உண்ணக் கொடுத்துவைக்காதவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். அதற்குப் பின் இன்றுவரை நம் காற்பந்துக் குழு ஒலிம்பிக் வாசலை மிதித்ததில்லை. உலகக் கிண்ணத்தின் வாசலை எக்காலத்தும் மிதித்ததில்லை.

இஃதொருபுறமிருக்க, இந்த மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பார்ப்போம். அக்காலத்தில் காற்பந்து எவருக்கும் பிழைப்பன்று. பகலில் உத்தியோகம், மாலையில் ஆட்டம். இரயில்வே, பொதுமராமத்து இலாகா, தபால் தந்தி, போலீஸ், பட்டாளம், மின்சார வாரியம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் குழு உண்டு. மலாய்க் கம்பங்களில் வயலோரத் திடல் உண்டு. சீனர் பள்ளிகளில் சங்கங்கள் உண்டு. தோட்டங்களுக்கும் குழு இருந்தது. தோட்டங்களிலிருந்தே எல்லாரும் வந்தார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். ஆற்றுக்குப் பல கால்வாய்களிலிருந்து நீர் வருவதுபோல வந்தார்கள், அவற்றுள் ஒன்று நம்முடையது, அதை எனக்குத் தெரியும், ஆதலால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

ரப்பர்த் தோட்டத்தின் நாள் காற்பந்துக்கென்றே வகுத்தது போலிருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் மரம் பால் நன்றாக விடும். ஆகையால் வேலை காலையிலேயே நடந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பகல் சாப்பாட்டு வேளைக்குச் சற்றுப் பின் ஆள் வீடு திரும்பிவிடுவான். குளித்துச் சாப்பிட்டுச் சற்றுப் படுத்தெழுந்தால் நான்கு மணி. லயத்துக்கு எதிரே திடல். என் பாட்டனார் வாரநாட்களில் பால்வெட்டுக்காரர், சனிக்கிழமைகளில் கோல்காவலர். ஒரு ஜோடி பூட்ஸை இருவர் பகிர்ந்துகொண்டு, வலக்கால் ஒருவருக்கும் இடக்கால் ஒருவருக்குமாக ஆடிய ஆட்டங்களைப் பற்றி அவர் சொல்வார். வெளித் தோட்டத்து ஆட்டங்களுக்கு ரப்பர் ஏற்றும் லாரியிலேயே போவார்கள். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் ரப்பர் நாற்றம். இக்கணக்கில் ஒரு பையன் பத்து வயதிலிருந்து இருபது வயது வரை, மழை நாள் தவிர, நாள்தோறும் இரண்டு மணிநேரம் பந்தோடு இருந்தான். எந்தப் பயிற்சிப் பள்ளி இவ்வளவு கொடுக்கும்?

துரைமார் திடலைக் கொடுத்தது தர்ம சிந்தையால் என்று எவரும் எண்ண வேண்டாம். கள்ளுக்கடையைக் கொடுத்த அதே கையால்தான் திடலையும் கொடுத்தார்கள். மாலை நேரத்தில் ஆட்கள் கூடிக் கூலியைப் பற்றிப் பேசுவதைவிடப் பந்தைப் பற்றிப் பேசுவது தோட்டத்துக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு. ஆயினும் கணக்குப் போட்டவர் எண்ணாத பலன் ஒன்று விளைந்தது. மேல்லயம் கீழ்லயம் என்று சாதி பார்த்துக் குடியிருந்த தோட்டங்களிலும், தண்ணீர்க் குழாயடியில் முகம் திருப்பிக்கொண்டவர்கள் திடலில் ஒருவருக்கொருவர் பந்தைத் தள்ளிக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் தோற்க நேரும். எங்கள் மேடைச் சொற்பொழிவுகள் பல ஆண்டுகள் முயன்றும் செய்யாததை ஒரு தோற் பந்து சனிக்கிழமைதோறும் இரண்டு மணிநேரமாவது செய்தது. ஆட்டம் முடிந்ததும் அவரவர் லயத்துக்கு அவரவர் போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அத்திடல்கள் எவ்வாறு போயின? ஐம்பதுகளிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கின. அதைத் தடுக்கவே நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். 1969-க்குப் பின் பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது, பல்லாயிரவர் கப்பலேறினர். எஞ்சியவர்களின் மரம் மாறிற்று. ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்குக் காலை மாலை என்ற பேதமில்லை. குலை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு கூலி. நான்கு மணிக்குத் திடலுக்கு வரும் ஆள் அருகிப்போனான். பின்னர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பட்டணத்தை அடுத்த தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோது, லயத்து ஜனங்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பின் அடுக்குமாடி வீடுகளுக்கும் போனார்கள். வீட்டுக்காகப் போராடியவர்கள் உண்டு, பள்ளிக்கூடத்துக்காகவும் கோயிலுக்காகவும் போராடியவர்கள் உண்டு. திடலுக்காகப் போராடியவர் எவருமில்லை. அது நமக்குச் சொந்தமென்று நாமே எண்ணியதில்லை.

தமிழ்ப் பள்ளிகளுக்காவது திடல் உண்டோவெனில், தோட்ட முதலாளியின் நிலத்தில் நிற்கும் பள்ளிகள் பலவற்றுக்குச் சபை கூடும் முற்றமே மைதானம். கொரியாவோ ஜப்பானோ இவ்விஷயத்தில் என்ன செய்தன என்று பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே தேசிய அளவில் நடக்கும் காற்பந்துப் போட்டி நூறாண்டுக்கும் மேற்பட்டது; நாம் அவர்களை வென்ற காலத்திலும் அது நடந்துகொண்டுதானிருந்தது. 1993-ல் தொழில்முறை லீகைத் தொடங்கியபோது, ஒவ்வொரு கழகமும் சிறுவர் குழுக்களை வளர்த்தாக வேண்டும் என்று விதித்தார்கள். 1998-ல் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போனார்கள். 2022-ல் அதே உலகக் கிண்ணத்தில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றார்கள். கொரியர் 1983-லேயே தொழில்முறை லீகைத் தொடங்கி, 1986 முதல் ஓர் உலகக் கிண்ணமும் தவறாமல் ஆடிவருகின்றனர்.

நாமும் தொழில்முறை லீகைத் தொடங்கினோம். பழைய திடல்களும் இலாகாக் குழுக்களும் தாமாகவே ஆட்டக்காரரைத் தந்துகொண்டிருந்தபோது, அவற்றைக் காப்பதும் அவை போனால் வேறொன்றை வைப்பதும் தம் கடமையென்று காற்பந்துச் சங்கத்தார் எண்ணவில்லை. ஊற்றைத் தூர்த்துவிட்டுக் குழாயை மட்டும் மாற்றினார்கள். பணம் வந்தது, பணத்தோடு பந்தயக்காரர்களும் வந்தார்கள். 1994, 1995-ம் ஆண்டுகளில் ஆட்டங்களை விலைக்கு விற்ற குற்றம் வெளிப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர், பலர் நீக்கப்பட்டனர். அதுவரை ஈப்போ அரங்குக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்த என் தகப்பனார் அதன்பின் போகவில்லை. தோற்றால் துக்கப்படலாம், தோற்றது மெய்யா பொய்யா என்று சந்தேகப்பட்டுக்கொண்டு எப்படித் துக்கப்படுவது என்பார்.

அதற்குப் பின் வந்த கணக்கை விரைந்து சொல்லிவிடுகிறேன். 2007-ல் ஆசியக் கிண்ணத்தை நாமும் சேர்ந்து நம் நாட்டிலேயே நடத்தினோம்; மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டு கோல் வாங்கி ஒன்று போட்டோம். 2015-ல் ஐக்கிய அரபு நாட்டிடம் 0-10 என்று தோற்றோம். 2018-ல் உலக வரிசையில் 178-ம் இடத்துக்கு இறங்கினோம். எங்கள் வட்டாரத்துக்கு வந்தால், 2018-ல் கிண்ணம் வென்ற பேராக், பண நெருக்கடியால் 2025-26 பருவத்தில் சூப்பர் லீகில் இல்லாமலே போயிற்று. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரோடு அதே லீகில் ஆடிய கழகமும் 2022 முடிவில் விலகிற்று. லீகின் பல கழகங்களில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்ற செய்தியை நாம் பத்திரிகைகளில் பலமுறை படித்தோம். கூலிக்கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: எங்கள் தோட்டத்தில் இரண்டு மாதம் கூலி நின்றால், மூன்றாம் மாதம் பிரட்டுக்களத்தில் ஆள் இருக்க மாட்டான்.

இவ்விருளில் ஒரு வெளிச்சமும் உண்டு. கே. ராஜகோபால் பயிற்றுநராயிருந்தபோது 2009-ல் தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது. 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என்று வென்று, தென்கிழக்காசியக் கிண்ணத்தை நம் நாடு முதன்முறையாகப் பெற்றது. அவர் மந்திரம் ஒன்றும் போடவில்லை. இருபத்துமூன்று வயதுக்குட்பட்ட பையன்களைச் சேர்த்து வைத்துப் பல மாதங்கள் ஒன்றாக ஆடவிட்டு, அவர்களையே பெரியவர்களோடு மோத அனுப்பினார். அதாவது, பழைய திடல் பத்தாண்டில் செய்ததை அவர் ஒன்றிரண்டு ஆண்டில் செய்ய முயன்றார். அதற்கு உதவியாயிருந்த 'ஹரிமாவ் மூடா' என்னும் இளைஞர் குழுத் திட்டத்தை 2015-ல் கலைத்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவோடு 3-3 என்று சமன் செய்த ஆட்டத்தைக் கண்டு நாடே கூத்தாடிற்று. நானும் கூத்தாடினேன். ஆனால் அதற்கு முன்னமே ஜோர்டானிடமும் பஹ்ரேனிடமும் தோற்று வெளியேறிவிட்டோம் என்பதை மறுநாள்தான் நினைத்துக்கொண்டேன்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருவன் ஒரு நாட்டுக்காக ஆட வேண்டுமானால், அந்நாட்டுப் பிரஜையாயிருப்பதோடு, அவனோ, அவன் பெற்றோரோ, பாட்டன் பாட்டிமாரோ அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது அவன் அங்கே ஐந்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்பது பீபா சம்மேளனத்தின் விதி. 2025 ஜூன் மாதம் நம் குழு வியட்நாமை 4-0 என்று வென்றபோது, அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் அதில் ஆடினர். அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் பினாங்கிலும் மலாக்காவிலும் ஜொகூரிலும் சரவாக்கிலும் பிறந்தவர்கள் என்று பத்திரங்கள் காட்டப்பட்டிருந்தன. பீபா அந்தந்த நாட்டு மூலப் பதிவேடுகளைத் தேடி எடுத்துப் பார்த்தது. அந்தப் பாட்டன்மார் பிறந்தது அந்தந்த நாடுகளிலேயே என்று கண்டது. செப்டம்பர் மாதத்தில் ஏழு ஆட்டக்காரருக்கு ஓராண்டுத் தடையும், மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளப்பட்டது.

சங்கத்தார் முதலில் சொன்ன சமாதானம் என்னவெனில், பத்திரங்களைச் சமர்ப்பிக்கையில் நிர்வாக ஊழியர் ஒருவரால் நேர்ந்த தொழில்நுட்பப் பிழை என்பது. வாசகர்களே, நான் ஒரு கிராணி. எங்கள் இனம் பிழை செய்யும். 7 என்பதை 1 என்று எழுதுவோம். இராமசாமி கூலியை இராமையா பெயரில் பதிவோம். ஆனால் ஸ்பெயின் தேசத்தில் பிறந்த ஒரு கிழவியை, பேனா தவறி, மலாக்காவில் பிறப்பித்துவிட எந்தக் கிராணியாலும் முடியாது. பழைய கையெழுத்துப் பதிவுகள் கிடைக்காமையால் துணைச் சான்றுகளைக் கொண்டே பாட்டன்மாருக்குப் பத்திரம் வழங்கப்பட்டது என்பதும் வெளிவந்தது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன்.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். வேகமாக ஓடுவான், இரண்டு காலாலும் அடிப்பான். பதினைந்து வயதில் ஒரு தேர்வாட்டத்தில் அவனைப் பொறுக்கியெடுத்தார்கள். அடையாளக் கார்டு கேட்டார்கள். இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது எந்தத் தேர்வு, அனுப்பியவர் யார் என்பது வேண்டாம். சட்டப்படி அவர்கள் செய்தது சரியே. அவன் தகப்பனாருக்கு நீல அடையாளக் கார்டு உண்டு. தாய்க்கு ஒன்றுமில்லை, அவள் பிறந்ததைப் பதியவில்லை. இருவருக்கும் கோயிலில் தாலி கட்டி விருந்து வைத்தார்கள், ஆனால் பதிவுத் திருமணம் செய்யவில்லை. 1982 முதல் திருமணப் பதிவு இந்நாட்டில் கட்டாயம் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஐயர் மந்திரம் சொன்னார், மேளக்காரர் வாசித்தார், மொய் எழுதினார்கள். சட்டத்தைச் சொல்ல ஆளில்லை. பதிவில்லாத திருமணத்துப் பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்பது சட்டம். இந்நாட்டில் 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 வரை பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே பிரஜாவுரிமை கிடைத்தது. அதன்பின் பிறந்தவனுக்குப் பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தாக வேண்டும். ஆகவே, பையனுக்கு ஒன்றுமில்லை.

அவன் தாய் பிறந்ததைப் பதியாமல் விட்டவர் யார்? அக்காலத்தில் தோட்டத்துப் பிறப்பைப் பட்டணத்துக்கு எடுத்துப்போய்ப் பதிவு செய்துகொடுப்பது கிராணியின் வழக்கம். என் நாற்காலியில் எனக்கு முன் இருந்த ஒருவர் மறந்திருக்கிறார், அல்லது மழை நாளாயிருந்திருக்கும். அந்த மறதி மூன்று தலைமுறையாக நடந்துவருகிறது.

நான் பழைய ஸ்டோர் அறையில் தேடினேன். கரையான் அரித்த செக்ரோல் ஏடுகளில் ஐம்பதுகளின் நடுவில் பையனுடைய பாட்டியின் தகப்பன் பெயர் இருக்கிறது. நாள்தோறும் வேலைக்கு வந்ததற்குக் குறி, மாதக் கடைசியில் கட்டைவிரல் ரேகை. அவர் மகளின் பெயரும் பின்னொரு ஏட்டில் சிறுவர் கூலிக் கணக்கில் இருக்கிறது. இவற்றை எடுத்துக்கொண்டு போனேன். செக்ரோல் என்பது கூலிக் கணக்கு, பிறப்புக்குச் சான்றாகாது, மூலப் பத்திரம் கொண்டுவாருங்கள் என்றனர். அப்படிச் சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார். தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார்.

பையனின் பாட்டன் பாட்டி நால்வரும் இப்பேராக் மாநிலத்தில் பிறந்தவர்கள். அதில் பொய் ஒன்றுமில்லை, பத்திரமும் ஒன்றுமில்லை. ரப்பர் மரம் இந்நாட்டுக்கு வந்த கதையில், 1877-ல் முதல் நாற்றுகளில் ஒன்பதை எங்கள் கோலா கங்சாரில் நட்டதாகவும், அவற்றுள் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்கருகே இன்றும் நிற்பதாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மரத்தின் பிறப்பு வளர்ப்பெல்லாம் பலகையில் இருக்கிறது.

அவனுக்கு இப்பொழுது பதினெட்டு வயது. செம்பனைக் குலை பொறுக்குகிறான். சென்ற மாதம் அவனுக்காக மூன்றாவது விண்ணப்பத்தை எழுதி, செக்ரோல் ஏட்டின் படங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் பிரட்டுக்களத்தின் சிமெண்டுத் தரையில், வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த ஆட்களோடு ஆடுகிறான். குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டிகளைக் கவிழ்த்து வைத்தால் அதுவே கோல். சென்ற வாரம் அவன் இடக்காலால் அடித்த பந்து எல்லோருடைய தலைக்கும் மேலே போய்ச் செம்பனைக்குள் விழுந்தது. முட்களுக்கிடையே தேடி எடுத்துவருவதற்குள் இருட்டிவிட்டது.